சனி மூலை டப்பா

மல்லசமுத்திரம் ரோடு,
30 ஜூன் 2024

ரஞ்சனி அக்காவுக்கு,

கனிஷ்கா எழுதுகிறேன். உயிரோடு இருக்கிறேன், இருமலும் கூடவே இருக்கிறது. உன் ஒற்றைத் தலைவலி எப்படி இருக்கிறது? கண்ணாடி மாற்றினாயா?

இதற்கு முன்னால் எழுதிய கடிதங்கள் உனக்கு வந்திருக்காது. இங்கே போன் கிடையாது. கடிதத்தை ஒட்டாமல் வார்டனிடம் கொடுக்க வேண்டும். அவர் படித்துவிட்டு அனுப்புவார். சாம்பாரில் புழு கிடந்தது என்று ஒரு வரி எழுதியிருந்தேன். என்னைக் கூப்பிட்டு என் முன்னாலேயே கிழித்துப் போட்டார். "பெத்தவங்க மனசு சங்கடப்படற மாதிரி எழுதலாமா?" என்று அறிவுரை வேறு.

அதனால் இந்தக் கடிதம் முத்தாயம்மாள் வழியாக வருகிறது. எங்கள் விடுதியைக் கூட்டி, கழிப்பறை கழுவுகிறவள். மல்லசமுத்திரத்தில் வீடு. போகிற வழியில் தபால்பெட்டி. "கடுதாசி மாப்பளைக்கா?" என்று கேட்டாள். அக்காவுக்கு என்றேன். "அக்காளுக்கு எளுதறதுக்கா இத்தன ஒளிவு?" என்று சிரித்துவிட்டு வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். பதிலை அவள் வீட்டு முகவரிக்குப் போடு, கீழே எழுதியிருக்கிறேன். அவளுடைய மகள் உறையில் என் பெயரைப் பார்த்து எடுத்துக் கொடுப்பாள்.

விஷயம் இதுதான். என்னை இங்கிருந்து கூட்டிப்போகச் சொல்லி அப்பாவிடம் பேசு. பிளஸ் டூ முடித்தாயிற்று. நீட்டில் ஒரு தடவை தோற்றாயிற்று. அதே புத்தகத்தை இன்னொரு வருடம் இந்தப் பள்ளி நடத்தும் நீட் விடுதியின் கம்பி ஜன்னலுக்குள் உட்கார்ந்து படிக்க என்னால் முடியாது. எனக்கு டாக்டர் ஆக வேண்டாம். சேலத்தில் ஏதாவது கல்லூரியில் பி.காம். சேர்ந்துகொண்டு ஆட்டையாம்பட்டியிலிருந்தே பஸ்ஸில் போய்வருகிறேன். நான் சொன்னால் "பயப்படறா" என்பார். நீ சொன்னால் கேட்பார். நீ மார்க் எடுத்தவள்.

இன்னொன்று. என்னைச் சேர்த்துவிட்டுக் காரில் ஏறும்போது, "உனக்கு ஒரு டப்பா ஒளிச்சு வச்சிருக்கேன், தேடு" என்றாயே, அது என்ன? தேடினேன். கிடைக்கவில்லை.

முதல் விஷயத்துக்குத்தான் பதில் முக்கியம்.

உன் தங்கை
கனிஷ்கா


பெங்களூரு,
14 ஜூலை 2024

கனிக்கு,

அக்காவின் அன்பு. கண்ணாடி மாற்றிவிட்டேன், தலைவலி பாதிதான் குறைந்திருக்கிறது. இருமலை அப்படியே விடாதே, மெஸ்ஸில் சுடுதண்ணீர் கேட்டு வாங்கிக் குடி.

டப்பா விஷயம் சொல்கிறேன். இதற்கு ஜியோகேச்சிங் என்று பெயர். உலகம் முழுக்க ஆட்கள் சின்ன டப்பாக்களை எங்காவது ஒளித்துவைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் போட்டுவிடுவார்கள். மற்றவர்கள் போனைப் பிடித்துக்கொண்டு தேடிப் போவார்கள். கிடைத்தால் உள்ளே இருக்கும் தாளில் பெயரும் தேதியும் எழுதிவிட்டு எடுத்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும். பரிசு கிடையாது. என் ஆபீசில் அன்பரசு என்று ஒருவன், அவன்தான் இந்தப் பைத்தியத்தை எனக்குப் பிடிக்க வைத்தான். ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஏதாவது ஏரிக்கரையில் கல்லைப் புரட்டிக்கொண்டிருக்கிறோம்.

போன் இல்லையே என்று கவலைப்படாதே. போன் உன்னைப் பக்கத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டு நின்றுவிடும். அதற்குப் பிறகு கண்தான். புதிதாகத் தேடுகிறவர்கள் எல்லோரும் செய்கிற தப்பு, டப்பாவைத் தேடுவது. டப்பா தெரியாது, தெரியக்கூடாது என்றுதான் ஒளிப்பது. அதனால் சுற்றுப்புறத்தோடு ஒட்டாத எதையாவது தேடு. கல் தானாக இன்னொரு கல்மேல் ஏறி உட்காராது. காய்ந்த இலைக்கு நடுவில் பச்சை இலை மட்டும் குவியாது.

அடுத்தது, ஒளித்தவளை நினைத்துப் பார். அப்பா தாளாளர் அறையில் உட்கார்ந்திருந்த நேரம்தான் எனக்குக் கிடைத்தது. அன்று நான் வெள்ளைச் சுடிதார். மண்ணில் மண்டி போட்டிருப்பேனா? மரம் ஏறியிருப்பேனா?

அப்பா பண்ணையில் அலைச்சலாக இருக்கிறார். வெயிலுக்குக் கோழி நிறைய செத்துவிட்டது.

நன்றாகச் சாப்பிடு.

அக்கா
ரஞ்சனி


மல்லசமுத்திரம் ரோடு,
4 ஆகஸ்ட் 2024

அக்காவுக்கு,

இருமல் நெஞ்சுக்கு இறங்கிவிட்டது. சுடுதண்ணீர் கேட்டேன், "ஊட்டு நெனப்பா?" என்று மெஸ்காரர் கேட்டார். நீ நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன்.

முதல் தேர்வில் நல்ல மார்க் வந்து தொலைத்துவிட்டது. ஏ பேட்ச்சில் போட்டுவிட்டார்கள். ஏ பேட்ச் என்றால் ஏசி அறை, தனி மேசை, நாள் முழுக்க ஒரு ஆள் காவல். டி பேட்ச் பிள்ளைகள் கழிப்பறைப் பக்கத்து ஷெட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். என் அறையில் இருக்கும் பிரீத்தி டி பேட்ச். ராசிபுரத்துப் பெண். "உங்களுக்கு ஏசி, எங்களுக்கு வாசனை" என்பாள். ஆனால் அவளுக்கு எங்களைவிட ஒரு வசதி உண்டு. அவள் என்ன செய்கிறாள் என்று யாரும் பார்ப்பதில்லை.

எங்கள் அறையில் மேலே மின்விசிறி மாட்டும் கொக்கி இருக்கிறது, மின்விசிறி இல்லை. சுவரில் மாட்டியிருக்கிறார்கள். எல்லா அறையிலும் அப்படித்தான். ஏன் என்று வார்டனைக் கேட்டேன். "படிக்கற வேலையைப் பாரு" என்றார். முத்தாயம்மாளைக் கேட்டேன். அவள் எப்போதும் ஏதாவது பதில் வைத்திருப்பாள். இதற்கு மட்டும் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

டப்பாவுக்கு, நீ சொன்னபடி ஒட்டாததைத் தேடினேன். இங்கே எதுதான் ஒட்டுகிறது? பிள்ளையார் கோயில் பின்புறம், தண்ணீர்த் தொட்டி, பூந்தொட்டி வரிசை எல்லாம் பார்த்தாயிற்று. வாசலில் போன வருடம் பாஸானவர்களின் பிளெக்ஸ் நிற்கிறதே, அதன் பின்னால் கைவிட்டுத் தடவும்போது பி.டி. சார் பார்த்துவிட்டார். "அங்க உன் போட்டோ வரோணும்னா முன்னால நின்னு படி, பின்னால நின்னு சொறியாத." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கிடைக்கவில்லை. நீ ஏமாற்றுகிறாயோ என்று சந்தேகம்.

அப்பாவிடம் பேசினாயா? பதிலில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

கனிஷ்கா


பெங்களூரு,
18 ஆகஸ்ட் 2024

கனிக்கு,

நெஞ்சுச்சளிக்கு மருந்து கூரியரில் அனுப்பினால் உள்ளே விடுவார்களா? விசாரித்து எழுது. நான் நலம்.

ஏமாற்றவில்லை. டப்பா அங்கேதான் இருக்கிறது. கிடைக்காவிட்டால் வெட்கப்பட ஒன்றும் இல்லை. நாங்களே கிடைக்காத இடத்துக்கு "கிடைக்கவில்லை" என்று இணையத்தில் பதிவு போட்டுவிட்டு வருவோம். வேறு வெளிச்சத்தில் போனால் அதே இடம் வேறு மாதிரி இருக்கும். காலையில் பார்த்த இடத்தைச் சாயங்காலம் பார்.

நீ தரையையே பார்த்துக்கொண்டு நடக்கிறாய் என்று தோன்றுகிறது. எல்லோரும் அப்படித்தான். ஒரே இடத்தில் ஒரு தடவை நின்று பார், ஒரு தடவை குனிந்து பார், ஒரு தடவை உட்கார்ந்து பார். கண் பொய் சொல்லும், கையை விட்டுத் தடவு. ஆனால் தடவுவதற்கு முன்னால் யார் பார்க்கிறார்கள் என்று பார். கையில் ஒரு தண்ணீர் பாட்டில் வைத்துக்கொள். எதையாவது செய்கிற மாதிரி இருப்பவர்களை யாரும் கவனிப்பதில்லை. சும்மா நிற்பவர்களைத்தான் கவனிப்பார்கள். இது அன்பரசு சொன்னது.

ஒரு குறிப்புத் தருகிறேன். நம் ஊரில் இது இல்லாத தோட்டம் கிடையாது. தண்ணீருக்காகப் போட்டது, தண்ணீர் வராதது. மூடி இருந்தால் திறந்து பார்.

ஏ பேட்ச் வந்ததைக் கேட்டு அப்பாவுக்கு ஏக சந்தோஷம். செவ்வாய்ப்பேட்டையில் தீவனக் கடைக்காரரிடம்கூடச் சொன்னாராம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


மல்லசமுத்திரம் ரோடு,
15 செப்டம்பர் 2024

அக்கா, அக்கா, அக்கா,

சளி போன இடம் தெரியவில்லை. கிடைத்துவிட்டது!

வடகிழக்கு மூலையில் ஒரு பழைய போர்வெல் இருக்கிறது. ரிக் வண்டி வந்து ஆழமாகப் போட்டும் புகைதான் வந்ததாம், அப்படியே விட்டுவிட்டார்கள். இரும்புக் குழாய் முட்டி உயரத்துக்கு நிற்கிறது, மேலே நீல மூடி. அதன்மேல் எத்தனையோ தடவை உட்கார்ந்து வேதியியல் படித்திருக்கிறேன். உன் டப்பா மேலேயே உட்கார்ந்திருக்கிறேன்!

நேற்று சாயங்காலம் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு போய் மூடியைத் திருகினேன். உள்ளே இருட்டு. மூடியின் அடியில் தூண்டில் நரம்பு கட்டித் தொங்கவிட்டிருக்கிறாய். இழுக்க இழுக்க டப்பா மேலே வந்தது. உள்ளே சுருட்டிய தாள், பென்சில் துண்டு, உன் பழைய ரப்பர் பொம்மை, ஒரு சாக்லேட். தாளின் தலையில் அந்த எண்கள். அதற்குக் கீழே உன் பெயர் மட்டும். அதற்கடியில் என் பெயரை எழுதினேன்.  இங்கே வந்த பிறகு மார்க் இல்லாமல் நான் செய்த ஒரே காரியம் இதுதான்.

மூடியைத் திரும்பப் போட்டு நிமிர்ந்தால் முத்தாயம்மாள் விளக்குமாற்றோடு நிற்கிறாள். "போருக்குள்ள எதுக்குச் சாமி கைய உடற? பாம்பு கீம்பு கெடக்கும்" என்றாள். அவ்வளவுதான். வேறு எதுவும் கேட்கவில்லை. மெஸ்ஸில் அவளுக்கு மட்டும் தனியாக ஒரு எவர்சில்வர் டம்ளர் ஜன்னல்மேல் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள். சும்மா சொல்கிறேன். இன்றைக்குத்தான் கவனித்தேன். எதைத் தேடினாலும் இப்போதெல்லாம் வேறு ஏதாவது கண்ணில் படுகிறது.

பிரீத்தியிடம் மட்டும் சொல்லியிருக்கிறேன்.

இப்போது நேராகக் கேட்கிறேன். அப்பாவிடம் பேசினாயா? ஆம் அல்லது இல்லை.

கனிஷ்கா


பெங்களூரு,
29 செப்டம்பர் 2024

கனிக்கு,

வாழ்த்து. ஆபீசில் எழுந்து நின்று கத்திவிட்டேன். அன்பரசுவும் வாழ்த்துச் சொன்னான். எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது.

மூன்றே விதி. எடுத்த இடத்தில் அப்படியே வை. பெயர் எழுது. உள்ளே இருந்து ஒன்றை எடுத்தால் பதிலுக்கு ஒன்றை வை. சாக்லேட்டைத் தின்றிருப்பாய், அதனால் ஏதாவது வைக்கிறாய். உன் தோழிகளையும் தேடவிடு. பொழுது போகும்.

வேலை அதிகம். பிறகு எழுதுகிறேன்.

அக்கா


மல்லசமுத்திரம் ரோடு,
10 நவம்பர் 2024

அக்காவுக்கு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் இல்லை. நீ நன்றாகத்தான் இருப்பாய்.

நீ சொன்னபடி எல்லோரையும் தேடவிட்டேன். ஒருத்தியிடமிருந்து ஒருத்திக்குப் போய் விடுதியில் பாதிப் பேருக்குத் தெரிந்துவிட்டது. ஒவ்வொருத்தியும் பாட்டிலோடு போய்க் கண்டுபிடித்து, பெயர் எழுதி, கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வந்தாள். இங்கே எங்களிடம் என்ன இருக்கிறது? உடைந்த வளையல், ஊக்கு, ஹேர்பின், கோயில் கயிறு. உப்புத் தண்ணீரில் எல்லோருக்கும் முடி கொட்டுகிறது. பிரீத்தி தன் முடியை உருட்டி அந்த பொம்மையின் தலையில் சுற்றி, "இங்க வந்து நான் சேர்த்த சொத்து" என்று வைத்தாள். வயிறு வலிக்கச் சிரித்தோம்.

தீபாவளிக்கு முன்னால் விடுதி முழுக்கக் காய்ச்சல். மாதத் தேர்வில் ஏ பேட்ச்சே கவிழ்ந்துவிட்டது. அதே வாரம் தாளாளர் போட்ட புது போரிலும் தண்ணீர் இல்லை. உடனே வாஸ்து பார்ப்பவரைக் கூட்டிவந்துவிட்டார். அவர் திசைகாட்டியைப் பிடித்துக்கொண்டு சுற்றிவிட்டு, "சனி மூலையில கோளாறு இருக்குதுங்க" என்றார். சனி மூலை என்றால் வடகிழக்கு. மூடியைத் திறந்தார்கள்.

பொம்மை. தலையில் முடி. ஊக்கு. உடைந்த வளையல். சிவப்புக் கயிறு. ஒரு தாளில் வரிசையாக விடுதிப் பெண்களின் பெயர், ஏ பேட்ச் மொத்தமும். தாளின் தலையில் யாருக்கும் புரியாத எண்கள். நாங்கள் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தோம். முதலில் சிரிப்பு வந்தது. பிறகு தாளாளரின் முகத்தைப் பார்த்தோம். எதிர்ப் பள்ளிக்காரர்கள் வைத்த செய்வினையாம். அந்த எண்கள் மந்திரச் சக்கரமாம்.

கொல்லிமலையிலிருந்து ஒரு பூசாரி வந்தார். பூசணிக்காய் உடைத்து, வாசலில் வைத்து டப்பாவைக் கொளுத்தினார்கள். பெற்றோர்களுக்கெல்லாம் செய்தி போயிற்று. மார்க் குறைந்ததற்குக் காரணம் கிடைத்துவிட்டது. புழுச் சாம்பாரும் இல்லை, காய்ச்சலும் இல்லை. செய்வினை.

இன்று அப்பா வந்தார். வந்ததும் கேட்டார்: "ரஞ்சனி உள்ள என்னமோ டப்பா வெளையாட்டு வச்சுட்டு வந்தாளாமா. பொழுது போவுதுதான சாமி?"

"அக்கா வேற ஏதாச்சும் சொல்லுச்சுங்களாப்பா?"

"வேற என்ன? நீ பழகிக்கிட்டயாமா. நெலையா உக்காந்து படிக்கறயாமா."

பிறகு அவருக்கே உறைத்தது. குரலைத் தாழ்த்தினார். "ஏஞ் சாமி, இப்ப எரிச்சாங்களே, அது அந்த டப்பாவா? வாயத் தொறந்துராத."

ஆக, நீ ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. ஜூனிலிருந்து நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன், நீ எனக்குக் குனிந்து பார், தடவிப் பார் என்று எழுதிக்கொண்டிருக்கிறாய். வெளியே வர வழி கேட்டேன். உள்ளேயே தேடிக்கொண்டிருக்க வழி சொன்னாய்.

கனிஷ்கா


பெங்களூரு,
17 நவம்பர் 2024

கனிக்கு,

கோபத்தில் இருக்கிறாய், சரி. உடம்பு எப்படி இருக்கிறது என்றாவது எழுதியிருக்கலாம்.

அப்பா சொல்வதைக் கேள். அந்த டப்பாவைப் பற்றி யாரிடமும் பேசாதே. எரித்துவிட்டார்கள், முடிந்தது. கொஞ்ச நாளில் மறந்துவிடுவார்கள். மே வரைதானே. நானும் அப்படி ஒரு இடத்தில் இரண்டு வருடம் இருந்தவள்தான். இருந்துவிட்டு வந்தேன் இல்லையா?

அப்பாவிடம் நேரம் பார்த்துப் பேசுகிறேன்.

அக்கா


மல்லசமுத்திரம் ரோடு,
8 டிசம்பர் 2024

அக்காவுக்கு,

உடம்பு எப்படி என்று கேட்டாய். நன்றாக இருக்கிறது. கையும் காலும் வேலை செய்கின்றன, வாயும் வேலை செய்தது. இந்தக் கடிதம் பிரீத்தி கையில் வருகிறது. தம்பி காதுகுத்துக்கு ஊருக்குப் போகிறாள். முத்தாயம்மாள் முகவரிக்கு இனி எழுதாதே. அவரை அனுப்பிவிட்டார்கள்.

செய்வினை என்றால் வைத்தவர் ஒருவர் வேண்டுமே. வெளியே போய்வருகிறவர் யார்? அந்த மூலைக்கு விளக்குமாற்றோடு போகிறவர் யார்? முன்னால் எதிர்ப் பள்ளியில் கூட்டிக்கொண்டிருந்தவர் யார்? மூன்று கேள்விக்கும் ஒரே பெயர் வந்தது. இன்னொரு கேள்வியை யாரும் சத்தமாகக் கேட்கவில்லை. எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்பது. அதைக் கேட்காமலே எல்லோருக்கும் பதில் தெரிந்திருந்தது. வார்டன் எவ்வளவோ முறை அந்த மூலைக்குப் போயிருக்கிறார். அவர்மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

காலை வழிபாட்டு நேரத்தில் வாசலில் நிற்கவைத்து அவருடைய பையைக் கொட்டினார்கள். சோற்றுப் போசி, வெற்றிலை, ஒரு சீப்பு. "ஏனுங் சார், உங்களக் கெடுக்கறதா இருந்தா இத்தன வருசமா உங்க கக்கூசக் களுவிட்டு இருப்பனா? குடிக்கற தண்ணித் தொட்டியும் நாந்தானுங்களே களுவறேன்" என்றார். தாளாளருக்கு முகம் வெளுத்துவிட்டது. அதற்குப் பிறகுதான் இன்னும் அசிங்கமாகத் திட்டினார்.

அக்கா, நான் குழாய் மூடியைத் திறந்ததை அவர் பார்த்திருக்கிறார். என் பெயரைச் சொல்லியிருந்தால் போதும். என்னைப் பார்த்தார். சொல்லவில்லை.

தாளில் பெயர் எழுதிய மற்றவர்கள் வீட்டுக்குச் செய்தி போகும் என்று பயந்து ஒதுங்கிக்கொண்டார்கள். நான் அன்றே தாளாளர் அறைக்குப் போனேன். டப்பா என்னுடையது என்றேன். ஜியோகேச்சிங் என்றால் என்ன என்று முழுதாகச் சொன்னேன். "கண்ணு, நீ படிக்கற புள்ள, பயந்துபோய்ப் பேசற" என்றார். அந்த எண்கள் சக்கரம் இல்லை, இடம், உங்கள் போனில் போட்டுப் பாருங்கள் என்றேன். தாளைப் படம் எடுத்து வைத்திருந்தார். பார்த்துப் பார்த்து எண்களை அடித்தார். வரைபடம் அவருடைய சனி மூலையிலேயே வந்து நின்றது.

இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். "போய்ப் படி" என்றார்.

அவருக்குத் தெரிந்துவிட்டது. அதுதான் விஷயம். தெரியாமல் செய்தால் முட்டாள் என்று விட்டுவிடலாம். என்னை வெளியே அனுப்பிவிடுவார் என்றுகூட நினைத்தேன். ஒரே கல்லில் இரண்டும் நடக்கும் என்று உள்ளுக்குள் ஓர் ஆசை. அனுப்ப மாட்டார். ஏ பேட்ச்சில் முதல் மூன்றில் இருக்கிறேன். என் முகம் அவருக்கு வாசல் பிளெக்ஸில் வேண்டும்.

முத்தாயம்மாவின் மகள் போலீசில் மனு கொடுத்திருக்கிறாளாம், சாதியைச் சொல்லித் திட்டியதாக. பிரீத்தி கேட்டுவந்து சொன்னாள்.

உன்னிடம் ஒன்று. அன்பரசு யார் என்று நான் கேட்கவில்லை. அவனைப் பற்றி அப்பாவிடம் பேசும் நாளுக்காக நீ நல்ல பெயரைச் சேர்த்துவைக்கிறாய். என் விஷயத்தைப் பேசி அதைக் கெடுத்துக்கொள்ள உனக்கு மனசில்லை. நான் அந்த இடத்தில் இருந்தாலும் அப்படித்தான் இருந்திருப்பேனோ என்னவோ. ஆனால் இப்போது நான் இந்த இடத்தில் இருக்கிறேன்.

கனிஷ்கா


பெங்களூரு,
29 டிசம்பர் 2024

அன்புள்ள கனிக்கு,

நலமாக இரு. இது பள்ளி முகவரிக்கே வருகிறது, வார்டன் படிப்பார். படிக்கட்டும். இதில் இருப்பது அவர்களுக்கும் தெரிந்த விஷயம்தான்.

அப்பாவிடம் பேசிவிட்டேன். இரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை. அம்மா அழுதாள். கடைசியில் சரி என்றார். உன்னைக் கூட்டிக்கொண்டு போகிறார். சேலத்தில் வருகிற வருடம் எந்தக் கல்லூரியிலாவது சேர்ந்துகொள். பொங்கலுக்கு முந்தைய ஞாயிறு கார் வரும்.

சான்றிதழ்கள் எல்லாம் அவர்களிடம் இருக்கின்றன. தாளாளரிடம் அப்பா பேசினார். கொடுத்துவிடுகிறேன், ஒரே ஒரு கையெழுத்து வேண்டும் என்றாராம். அந்த மகள் கொடுத்த மனுவை உடைக்க, போலீஸ் விசாரணையில் காட்டுவதற்காக. அந்தப் பொருளை முத்தாயம்மாள் வைத்ததை நீ பார்த்ததாக.

எனக்குத் தெரியும் கனி. படித்ததும் நீ என்ன சொல்வாய் என்றும் தெரியும். ஆனால் அவள் வேலை போய்விட்டது, நீ கையெழுத்துப் போடாவிட்டால் திரும்பி வராது. தாளாளர் வேறொரு பிள்ளையிடம் வாங்கிக்கொள்வார். நீ மட்டும்தான் உள்ளேயே கிடப்பாய். ஜூனிலிருந்து கேட்டாய், இப்போது கதவு திறந்திருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டு வா. மற்றதை வெளியே வந்து பார்த்துக்கொள்ளலாம்.

உன்னைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது.

அக்கா
ரஞ்சனி


மல்லசமுத்திரம் ரோடு,
12 ஜனவரி 2025

அக்காவுக்கு,

பொங்கல் வாழ்த்து. வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும். இதுவும் பிரீத்தி கையில்தான் வருகிறது. டி பேட்ச்சுக்குப் பொங்கல் விடுமுறை உண்டு. எங்களுக்குக் கிடையாது.

அப்பா இன்று வந்தார். நான் காலையிலேயே துணியெல்லாம் மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டேன். பொய் சொல்ல மாட்டேன், கையெழுத்துப் போட்டுவிடுவேன் என்றுதான் இருந்தேன். நீ எழுதியதை மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டே மாடி இறங்கினேன். அவர் வேலை போனது போனதுதான், போனது போனதுதான் என்று.

தாளாளர் அறையில் தாள் தட்டச்சாகித் தயாராக இருந்தது. "துப்புரவுப் பணியாளர் முத்தாயம்மாள் மேற்படி பொருளை வைத்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்." கீழே என் பெயர். பேனாவின் மூடியைக்கூடக் கழற்றி வைத்திருந்தார்கள். தாளாளர் நாகரிகமாக வெளியே போய் நின்றுகொண்டார்.

"இது பொய்யிங்கப்பா" என்றேன்.

"தெரியாமயா இருக்கறேன்? போடு சாமி, கார் வெளிய நிக்குது. அம்மா உனக்குன்னு கறி எடுத்து வச்சிருக்கறா."

"அவங்களத் தூக்கி ஜெயில்ல வச்சுருவாங்கப்பா."

"ஒண்ணும் வெக்கமாட்டாங்க. அவளுக்கு என்ன? இங்க இல்லீன்னா இன்னொரு எடத்துல கூட்டுவா. நம்முளுக்கு அப்பிடியா? நாளைக்கு உன்னக் கட்டிக் குடுக்கோணும், உங்கக்காள ஒருத்தங்கிட்ட புடிச்சுக் குடுக்கோணும். நம்ம ஊட்டுப் புள்ள செய்வினை டப்பா வச்சான்னு ஊரு பேசுனா?"

"நான் செய்வினை வெக்கலீங்களே. வெளையாட்டுத்தானுங்களே."

"அதத்தான் சாமி சொல்றேன். உனக்கு அது வெளையாட்டு. உடு."

அதுவரைக்கும் கையெழுத்துப் போடத்தான் நின்றேன், அக்கா. அந்த "உடு" வந்தபிறகு கை வரவில்லை. எனக்கு விளையாட்டு, முத்தாயம்மாவுக்கு வழக்கு. என்னைப் பாதுகாக்கத்தான் அப்பா பேசினார், அதில் சந்தேகமில்லை. அன்றைக்கு வாசலில் முத்தாயம்மாவின் பையைக் கொட்டியபோது என் பெயரைச் சொல்லாமல் இருந்தாரே, அதையும் நான் அப்பாவிடம் சொன்னேன். "அவங்களுக்கு அந்தப் பயம் இருக்கோணுமில்ல" என்றார். பயத்தால்தான் சொல்லாமல் இருந்தாரா, வேறு எதனாலா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இப்போது வழியில்லை. கேட்டாலும் எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது?

பேனாவை மூடி மேசையில் வைத்தேன். அப்பா கையை ஓங்கினார். அடிக்கவில்லை. "இருந்து சாவு" என்று சொல்லிவிட்டுப் போனார். கார் திரும்புகிற சத்தம் கேட்டது. மேலே வந்து துணியைப் பெட்டியிலிருந்து எடுத்துத் திரும்ப அலமாரியில் அடுக்கினேன்.

எனக்கு இங்கே இருக்கப் பிடிக்கவில்லை. ஜூனில் எழுதியபோது எப்படி இருந்ததோ அதைவிட மோசமாக இருக்கிறது. தியாகம் செய்கிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே, இரவெல்லாம் அந்தக் காரை நினைத்துக்கொண்டு கிடப்பேன் என்று எனக்கே தெரியும். ஆனால் அந்த வாசல் வழியாக என்னால் வர முடியாது.

இனி உன்னிடம் அப்பாவிடம் பேசு என்று கேட்கப்போவதில்லை. வேறொன்று சொல்கிறேன். அந்த டப்பாவை வைத்தவள் நீ. பொம்மை உன்னுடையது, தாளில் முதல் பெயர் உன்னுடையது, எண்கள் உன் கையெழுத்து. நான் சொன்னால் பயந்துபோன பிள்ளை. நீ சொன்னால் பெங்களூரில் வேலை பார்க்கும் எஞ்சினியர். அந்த விளையாட்டின் இணையதளத்தில் இடத்தைப் பதிந்திருந்தால் அதுவும் தேதியோடு இருக்கும். உனக்கு இங்கே கேட் கிடையாது, வார்டன் கிடையாது. சேலத்துக்குப் பஸ் ஏறினால் மத்தியானத்துக்குள் மல்லசமுத்திரம் வந்துவிடலாம்.

முத்தாயம்மா வீட்டுக்குப் போ. அவருடைய மகளைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய், நான்தான் வைத்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடு. அப்பா உன்னோடு பேச மாட்டார். அன்பரசு விஷயம் கெட்டாலும் கெடும். அதெல்லாம் எனக்குத் தெரிந்துதான் எழுதுகிறேன்.

முகவரி உன்னிடம் இருக்கிறது. எனக்குப் பதில் போட வேண்டாம். நீ போனாயா இல்லையா என்பது எங்களுக்கு இங்கே தெரிந்துவிடும்.

கனிஷ்கா